வேலியின் நீளமும் நிலத்தின் அளவும்



புதுச்சேரியில் முல்லா வீதியை ஒட்டிய பகுதியில், அஸர் தொழுகைக்குப் பின் ஏறத்தாழ இருபது பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் பணியை அல்லாஹ் நமக்குத் தந்திருக்கிறான். குர்ஆன் ஓதல், துஆக்கள், தொழுகையின் சட்டங்கள் ஆகியவற்றோடு, வியாழன்தோறும் அரைமணி நேரம் கணக்கும் சொல்லிக்கொடுத்து வருகிறோம். நான்காம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் படிக்கும் அப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எதில் தடுமாறுகிறார்களோ அதையே எடுத்துக்கொள்வோம்.

தொடக்கத்தில் ஒரு தகப்பனார் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், ஓதத்தானே அனுப்பினோம், கணக்கு எதுக்கு?" என்று கேட்டார். அவருக்கு நாம் சொன்ன மறுமொழி இதுதான்: ஸகாத்துக்குக் கணக்கு வேண்டும், வாரிசுரிமைச் சட்டமாகிய ஃபராயிளுக்குக் கணக்கு வேண்டும். கி.பி. 9 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கலீஃபா மஃமூனின் காலத்தில், பக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி 'அல்ஜப்ர்' பற்றிய தம் நூலை எழுதியதன் நோக்கங்களில் வாரிசுப் பங்கீடும் நில அளவையும் அடங்கும். அந்நூலில் நிலத்தையும் உருவங்களையும் அளப்பதற்கென்றே ஓர் இயல் உண்டு. வஸிய்யத்தும் வாரிசுப் பங்கும் பெரும்பகுதியாக விரிகின்றன. தகப்பனார் தலையசைத்துச் சென்றார்.

அன்று அவருக்கு அவ்வளவு சரளமாக விடை சொன்ன நாமே, அந்தக் கணக்கை நம் சொந்த வாழ்வில் தவறாகப் போட்டு 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை உணராமலேயே இருந்தோம். உணர்த்தியவர் நம் மாணவி ஒருவர். அந்நிகழ்வைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடம் சுற்றளவும் பரப்பளவும். பிள்ளைகள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது எல்லா ஆசிரியர்களும் அறிந்த செய்தி. நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கு என்று ஒரு சூத்திரம். நீளத்தை அகலத்தால் பெருக்கு என்று இன்னொரு சூத்திரம். இரண்டிலும் அதே நீளம், அதே அகலம். தேர்வுத் தாளில் எதைப் போடுவது என்று தெரியாமல் ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டுவிடுகிறார்கள். ஆதலால் சூத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் ஊரிலிருந்தே தொடங்கினோம்.

"நம் நகரத்தைச் சுற்றி நடந்தால் எந்தெந்தச் சாலைகளில் போக வேண்டும்?" என்று கேட்டோம். பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. வடக்கே படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடற்கரைச் சாலை. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய நகரை இவை நான்கும் வளையம்போல் சூழ்ந்திருக்கின்றன. "கால் வலிக்க நடப்பது சுற்றளவு. அந்த வளையத்துக்குள் வீடும் கடையும் பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் அமர்ந்திருக்கிற தரை முழுவதும் பரப்பளவு. முன்னதை நடந்து அளக்கலாம். பின்னதை நடந்து அளக்க முடியாது, தரையை மூடித்தான் அளக்க வேண்டும்" என்று விளக்கினோம். ஒரு சிறுவன், "பாய் விரிக்கிற மாதிரியா ஹஜ்ரத்?" என்றான். அதைவிட நல்ல விளக்கம் நமக்குத் தோன்றவில்லை.

அடுத்த வியாழன் 24 அடி நீளக் கயிறு ஒன்றை எடுத்து, அடிக்கொரு முடிச்சிட்டு, இரு முனைகளையும் இணைத்துக் கட்டிக் கொண்டுவந்தோம். நம் மதரஸாக் கூடத்தின் தரைக்கற்கள் ஓரடிக்கு ஓரடி. கயிற்றைத் தரையில் வைத்து விரும்பிய செவ்வகம் அமைக்கச் சொன்னோம். உள்ளே எத்தனை கற்கள் அடங்குகின்றன என்று எண்ணுவது மட்டுமே வேலை. ஒரு குழு 11 அடி நீளமும் ஓரடி அகலமுமாக இழுத்துப் பிடித்தது, 11 கற்கள். மற்றொரு குழு 10க்கு 2 என்று வைத்தது, 20 கற்கள். 9க்கு 3 வைத்தபோது 27. 8க்கு 4 வைத்தபோது 32. 7க்கு 5 வைத்தபோது 35. கடைசியில் 6க்கு 6 சதுரமாக்கியபோது 36.

பிள்ளைகள் வாய்விட்டு வியந்தார்கள். கயிறு மாறவில்லை, ஓர் அங்குலம் கூட நீளவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் இடம் 11 கல்லிலிருந்து 36 கல்லாகிவிட்டது. முதல் செவ்வகத்தில் ஒருவர் பின் ஒருவராக நிற்கத்தான் முடியும். கடைசிச் சதுரத்தில் ஒரு ஸஃப் பின் ஒரு ஸஃபாக நின்று தொழவே முடியும் என்று அவர்களே நின்று காட்டினார்கள்.

பின்னர் கயிற்றை அவிழ்த்துச் சரிபாதியாக மடித்தோம். இப்போது 12 அடி. "இதைச் சதுரமாக வையுங்கள்" என்றோம். 3க்கு 3. எண்ணினார்கள், 9 கற்கள். பக்கத்தில் சுண்ணக்கட்டியால் பழைய 6க்கு 6 சதுரத்தின் கோடு அப்படியே இருந்தது. ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"கயிறு பாதிதானே ஹஜ்ரத்? ஆனா இடம் கால்தான் இருக்கு. அப்போ பாதி தர்றேன்னு சொல்லிட்டு கயித்துல அளந்து குடுத்தா, வாங்குனவங்க ஏமாந்துதானே போவாங்க?"

நாம் "ஆம்" என்று சொன்னோம். சொன்ன வாய் மூடவில்லை. நெஞ்சில் ஏதோ இடறியது. அன்றைய பாடத்தை அவ்வளவில் முடித்துக்கொண்டோம்.

இனி 16 ஆண்டுகளுக்கு முந்தைய செய்திக்கு வருகிறோம். நம் அத்தா வஃபாத்தானபோது ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தை விட்டுச் சென்றார். அம்மா அதற்கு முன்பே அல்லாஹ்விடம் சென்றுவிட்டார். கடன் இல்லை, வேறு வாரிசுகளும் இல்லை. நாமும் நம் தங்கையும் மட்டுமே. இத்தகைய நிலையில் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்பது ஸூரத்துந் நிஸாவில் அல்லாஹ் வகுத்த அளவு. நிலம் மூன்று பங்கு. இரண்டு நமக்கு, ஒன்று தங்கைக்கு. அப்போது இஸ்லாமியக் கல்விப் பட்டயத்தை முடித்திருந்த நமக்கு ஃபராயிள் சட்டங்கள் நுனிநாவில் இருந்தன.

நிலத்தின் வடிவம் இப்படி: 48 அடிக்கு 48 அடி ஒரு பெரிய சதுரம். சாலையோரமாக அதன் ஒரு பக்கத்தை ஒட்டி 24 அடிக்கு 24 அடி ஒரு சிறிய சதுரம். பார்த்தவுடன் எவருக்கும் தோன்றும் பிரிவினை எதுவோ அதுவே எமக்கும் தோன்றியது. பெரியது நமக்கு, சிறியது தங்கைக்கு. வேலி போட வந்தவர் அளந்து, பெரிய மனையைச் சுற்ற 192 அடி, சிறிய மனையைச் சுற்ற 96 அடி என்று கணக்குச் சொன்னார். 192இல் சரிபாதி 96. குடும்பப் பெரியவர் ஒருவர், "அளந்து வச்ச மாதிரி ஷரீஅத்படியே அமைஞ்சு போச்சு" என்றார். நாம் "ஸுப்ஹானல்லாஹ்" என்றோம். பத்திரமும் அவ்வாறே எழுதப்பட்டது. தங்கை கையெழுத்திட்டார்.

அந்த மாணவியின் கேள்வியோடு இரவு வீடு திரும்பியதும் பழைய பத்திரங்களை எடுத்தோம். புதுச்சேரிப் பத்திரங்களைக் கண்டவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சு ஆட்சி 1954இல் விலகியபோதும் அதன் அளவைகள் நம் நில ஆவணங்களை விட்டு விலகவில்லை. ஹெக்டேர், ஆர், சென்டியார் என்றே இன்றும் எழுதப்படுகிறது. 10 மீட்டர் பக்கமுள்ள சதுரம் ஓர் ஆர். ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரம் ஒரு சென்டியார். 1795இல் பிரான்சில் சட்டமாக்கப்பட்ட அளவைகள் இவை. கூடவே நம் மக்கள் வாய்மொழியில் குழியும் வாழ்கிறது. நம் பகுதியில் ஒரு குழி என்பது 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி. தமிழ்நாட்டின் பல பகுதிகளிலோ 12 அடிக்கு 12 அடியே ஒரு குழி. 144 சதுர அடி. பக்கம் இருமடங்கு, இடமோ நான்கு மடங்கு. இந்த வேறுபாட்டைப் பிறருக்கு வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறோம். நம் வேலிக்குள்ளேயே அதே கணக்கு கிடந்ததைக் கண்டோமில்லை.

தங்கையின் மனை ஒரு குழி. நம் மனை நான்கு குழி. இரண்டுக்கு ஒன்றாக இருக்க வேண்டிய பங்கு, நான்குக்கு ஒன்றாக இருந்தது. அத்தாவின் பத்திரத்தில் மொத்த நிலம் 2 ஆர் 67 சென்டியார் என்று தெளிவாக எழுதியிருந்தது. 267ஐ மூன்றால் வகுக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், 89. தங்கைக்கு 89 சென்டியார் சேர வேண்டும். நாம் கொடுத்தது 53. சதுர அடியில் சொன்னால், 2880இல் மூன்றில் ஒரு பங்கு 960. கொடுத்தது 576. எஞ்சிய 384 சதுர அடி 16 ஆண்டுகளாக நம் வேலிக்குள் இருந்தது.

சகோதர சகோதரிகளே, தவறான கணக்கு மட்டுமாக இருந்திருந்தால் நம் மனம் ஓரளவு ஆறியிருக்கும். தங்கை அந்த ஒரு குழியில் சிறு வீடு கட்டிக் குடியேறினார். வீட்டைச் சுற்றி மிஞ்சியது ஆள் ஒருவர் ஒருக்களித்துப் போகும் சந்து மட்டுமே. நம் மனையோ தென்னை மரங்களோடு காலியாகக் கிடந்தது. ஒரு மழைக்காலத்தில் தங்கை நம்மிடம், "அண்ணே, தண்ணி வடிய உங்க பக்கம் ஒரு முழம் விட்டீங்கன்னா போதும்" என்று கேட்டார். நாம் மறுத்துவிட்டோம். மறுத்ததோடு நில்லாமல், பிறர் நிலத்தில் ஒரு சாணை அநியாயமாக எடுத்துக்கொள்பவரின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என்ற கருத்துடைய நபிமொழியை, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கும் அந்த எச்சரிக்கையை, அவருக்கே எடுத்துச் சொன்னோம். எல்லை விஷயத்தில் பேணுதலாக இருக்க வேண்டும் என்று உபதேசமும் செய்தோம். அந்த நபிமொழி யாருக்குரியதாக இருந்தது என்பதை அன்றிரவுதான் அறிந்தோம். உறக்கம் வரவில்லை.

மறுநாள் ஃபஜ்ரு தொழுதுவிட்டு அளவு நாடாவோடு தங்கை வீட்டுக்குச் சென்றோம். திண்ணையில் அமர்ந்து, தாளில் இரண்டு சதுரங்களை வரைந்து, உள்ளே கட்டங்கள் போட்டுக் காட்டினோம். தங்கை நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எனக்கு அப்பவே சின்னதாத்தான் தெரிஞ்சுது அண்ணே. நீங்க ஓதினவங்க, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு விட்டுட்டேன்."

நாம் பெற்ற கல்வியின் மீது இவ்வளவு கனமான சொல் இதுவரை விழுந்ததில்லை. அவருடைய கண் சரியாக அளந்திருக்கிறது. நம்முடைய பட்டம் அந்தக் கண்ணை மூடச் செய்திருக்கிறது.

384 சதுர அடியை எப்படித் தருவது? நம் மனையின் பக்கம் 48 அடி. 48ஆல் வகுத்தால் 8. ஆகவே தங்கையின் மனையை ஒட்டிய பக்கத்தில் 8 அடி அகலத்தில் நெடுகிலும் ஒரு பட்டையைப் பிரித்து அவர் பெயருக்கு எழுதிப் பதிவு செய்து கொடுத்தோம். இப்போது நம் மனை 40க்கு 48. 1920 சதுர அடி. தங்கையின் மனை 576உம் 384உம் சேர்ந்து 960. இரண்டுக்கு ஒன்று. அப்பட்டையில் இரண்டு தென்னைகள் நின்றன. ஆலிம் ஒருவரிடம் ஆலோசனை கேட்டு, அவற்றின் 16 ஆண்டுக் காய்ப்பைத் தோராயமாகக் கணக்கிட்டுப் பணமாகக் கொண்டுசென்றோம். தங்கை மரங்களை ஏற்றுக்கொண்டார். பணத்தில் ஒரு பகுதியை வடிகால் கட்ட வாங்கிக்கொண்டு, மீதியை ஹலாலாக்கிவிட்டதாகச் சொன்னார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

புதிய வேலி போட்டபோது ஒன்றைக் கவனித்தோம். நம் மனையைச் சுற்ற 176 அடி. தங்கையின் மனையைச் சுற்ற 160 அடி. வேலியை மட்டும் பார்க்கிறவர் இருவருக்கும் ஏறத்தாழச் சமமாகவே பிரிந்திருக்கிறது என்பார். முன்பு வேலி நீதியாகத் தோன்றியபோது நிலத்தில் அநீதி இருந்தது. இப்போது நிலத்தில் நீதி இருக்கிறது, வேலி வேறு கதை சொல்கிறது.

இதற்குப் பின் தேடிப் படித்ததில், நம்மைப் போலவே தவறியவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தது தெரியவந்தது. 10 ஆம் நூற்றாண்டில் பஸராவில் 'இக்வானுஸ் ஸஃபா' என்ற பெயரில் ஒரு குழுவினர் பல துறைகள் பற்றி 52 மடல்கள் எழுதினர். அவர்களுடைய கொள்கைகளில் நமக்கு உடன்பாடில்லாதவை உண்டு. எனினும் வடிவியல் பற்றிய மடலில் அவர்கள் சொல்லும் வழக்கு ஒன்று நாம் அறிய வேண்டியது. ஒருவர் 100 முழத்துக்கு 100 முழம் உள்ள நிலத்தை 1000 திர்ஹத்துக்கு விற்றார். பின்னர் அதற்கு ஈடாக, 50 முழத்துக்கு 50 முழம் உள்ள இரண்டு துண்டுகளை வாங்கிக்கொள், கணக்குச் சரியாகிவிடும் என்றார். வழக்கு ஒரு நீதிபதியிடம் சென்றது. அளவைக் கணக்கு அறியாத அவர், சரிதான் என்று தீர்ப்பளித்தார். அக்கணக்கை அறிந்த வேறொரு நீதிபதியோ, இது வாங்கியவரின் உரிமையில் பாதிதான் என்றார். போட்டுப் பாருங்கள்: பெரிய நிலத்தின் சுற்றளவு 400 முழம், இரண்டு சிறிய துண்டுகளின் சுற்றளவும் சேர்ந்து 400 முழம். பரப்போ 10,000க்கு எதிராக 5,000. முதல் நீதிபதி கெட்ட எண்ணம் உடையவர் என்று அம்மடல் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவே. ஆனால் தெரியாமையால் பறிபோனதும் ஒருவருடைய ஹக்குதான்.

ஆகவே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பெற்றோரையும் ஆசிரியர்களையும் சில வார்த்தைகளில் வேண்டிக்கொள்கிறோம். சூத்திரத்தைக் கடைசியில் கொடுங்கள். சுற்றளவுக்குக் கயிறு, பரப்பளவுக்குத் தரைக்கல் என்று இரண்டுக்கும் இரண்டு பொருள்களைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை குழப்பிக்கொள்ளாது. விடையை எழுதும்போது அடியா, சதுர அடியா என்பதை எழுதாமல் விட அனுமதிக்காதீர்கள்; அந்த ஒரு சொல் விடுபடும் இடத்தில்தான் ஒருவருடைய பங்கு விடுபடுகிறது. முஸல்லாவின் ஓரத்துக்கு ரேந்தை தைப்பது, கூடத்துக்குப் பாய் வாங்குவது, கொல்லைக்கு வேலி போடுவது, சுவருக்கு வெள்ளையடிப்பது என்று வீட்டு வேலைகளைச் சொல்லி, "இது எந்த அளவு?" என்று கேளுங்கள். வீட்டில் பாகப்பிரிவினை நடந்தால் பெண்மக்களுக்கும் பத்திரத்தைப் படித்துக் காட்டி, கட்டம் போட்டு விளக்கிய பிறகே கையெழுத்து வாங்குங்கள்.

பதிவு முடிந்த வாரம், வியாழன் வகுப்பில் இந்நிலத்தையே கணக்காகக் கொடுத்தோம். யாருடையது என்று சொல்லவில்லை. பிள்ளைகள் கட்டம் போட்ட தாளில் வரைந்து எண்ணினார்கள். அந்த மாணவியே முதலில் 384 என்று விடை சொன்னார். கூடவே, "அந்தத் தங்கச்சிக்கு அவங்க அண்ணன் திருப்பிக் குடுத்துட்டாரா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

சிறிது நேரம் தயங்கினோம். பின், "கொடுத்துவிட்டார். அந்த அண்ணன் நாம்தான்" என்றோம்.

வகுப்பு அமைதியானது. ஒரு சிறுவன் தயக்கத்தோடு, "ஹஜ்ரத்துக்குமா தப்பு வரும்?" என்றான். "வரும். அதனால்தான் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்" என்றோம். அவர்கள் மீண்டும் தாளைக் குனிந்து எண்ணத் தொடங்கினார்கள்; நம் விடையைச் சரிபார்க்க.

அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரைக் குர்ஆன் ஓர் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே கடுமையாக எச்சரிக்கிறது. அறிந்து குறைப்பதிலிருந்தும், அறியாமல் குறைப்பதிலிருந்தும் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. பிறர் ஹக்கு நம் வேலிக்குள் இருந்தால் ஹயாத்தோடு இருக்கும்போதே அதைக் காட்டித் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.